இரண்டு காம்பு, ஏழு குட்டி: ஒரு பத்தாம் வகுப்பு மாணவனும் ஒரு நாவலும்

2023 ஜூலையில் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் தயாரித்தோம். ஒவ்வோர் ஆண்டும் நடக்கிற வேலைதான். பட்டியலில் வருகிறவர்களுக்குக் கையேடு ஒன்றைக் கொடுத்து, மனப்பாடப் பாடலையும் கடிதத்தையும் படிவம் நிரப்புவதையும் திரும்பத் திரும்ப எழுதவைத்து, எப்படியாவது 35 மதிப்பெண் என்ற கரையில் ஏற்றிவிடுவோம். 22 ஆண்டுகளாகத் தமிழாசிரியையாக இருக்கிறேன். அப்படிக் கரையேற்றிய பிள்ளைகள் நிறைய. அவர்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகு ஒரு பக்கத்தையாவது தாமாக எடுத்துப் படித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

அந்தப் பட்டியலில் முதல் பெயராக இருந்த பையனையும், அவனோடு சேர்ந்து நான் படித்த ஆட்டுக் கதை நாவல் ஒன்றையும் பற்றியது இந்த ஆய்வு. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊர், வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூருக்கும் ஜவ்வாது மலையடிவாரத்துக்கும் இடையில் ஒரு சிற்றூர். எழுதுவதற்கு அவனும் சம்மதித்தான், அவனுடைய ஆயாவும் சம்மதித்தார். (வட ஆர்க்காட்டுப் பக்கம் ஆயா என்றால் பாட்டி. வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) “ஆட்டைப் பற்றி எழுதுவதானால் எழுதுங்கள் டீச்சரம்மா, எங்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது” என்றார் ஆயா.

பின்னணி

வயது 15. அவனுடைய நைனா (அப்பா) ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை விடியலில் கிளம்பிவிடுவார். அம்மாவுக்கு நூறு நாள் வேலை, மற்ற நாட்களில் களையெடுப்பு. ஒரு தங்கை, நான்காம் வகுப்பு. வீட்டின் உண்மையான நிதியமைச்சர் ஆயாதான். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் அவருக்கு நான்கு வெள்ளாடுகள் கிடைத்தன. அவற்றின் பேத்திகளும் கொள்ளுப் பேத்திகளுமாக நான் போய்ப் பார்த்தபோது கொட்டாயில் 14 உருப்படிகள் நின்றன.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் ஆறாம் வகுப்பு. 2021 நவம்பர் 1 அன்று திரும்பத் திறந்தபோது எட்டாம் வகுப்பு. நடுவில் ஏழாம் வகுப்பு என்று ஒன்று அவனுக்கு நடக்கவேயில்லை. வீட்டிலிருந்த ஒரே தொடுதிரை போன் நைனாவோடு ஆம்பூரில் இருந்தது. இருபது மாதம் அவன் ஆடு மேய்த்தான். பெருந்தொற்றின் இழப்பை ஈடுகட்ட 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அப்போது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கானது. அது வந்தபோது இவன் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இருந்தான்.

வருகைப் பதிவேட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவன் வருவதில்லை. ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தை வெள்ளிக்கிழமை கூடும். இதை நான் செப்டம்பர் மாதம்தான் சேர்த்துப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவுசெய்கிறேன்.

தொடக்க நிலை

ஜூலை இரண்டாம் வாரம் நாளிதழில் இருந்து அரைப் பக்கச் செய்தி ஒன்றைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஒன்பது நிமிடம் எடுத்தது. எழுத்துகள் தெரியாதவன் இல்லை. ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம்’ என்பது போன்ற சொல் வந்தால் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு ‘கேட்டார்கள்’ என்று சொல்லித் தாண்டிவிடுவான். தமிழில் சொல்லின் தலையில் பொருளும் வாலில் சுமையும் இருக்கின்றன. யார், எத்தனை பேர், எப்போது, யாரிடம் என்பதெல்லாம் வாலில்தான். வாலை வெட்டிவிட்டுப் படிக்கிறவனுக்கு ஒவ்வொரு வாக்கியமும் வேறொரு வாக்கியமாகிவிடும். பத்தி முடியும்போது செய்தியில் இல்லாத ஒரு செய்தி அவன் கையில் இருந்தது.

அதே செய்தியை நான் படித்துக் காட்டினேன். ஒரு விவரம் விடாமல் திருப்பிச் சொன்னான். பஞ்சாயத்துத் தலைவர் என்ன சொன்னார், எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள், யார் பாதியில் எழுந்து போனார் என்பது வரை. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் சொன்ன எளிய கணக்கு ஒன்று உண்டு: எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யத்தை நெருங்கினால் விடையும் நெருங்கிவிடும். இவனுக்கு இரண்டாவது திறன் நிறைவாகவே இருந்தது. முதலாவதுதான் ஏழாம் வகுப்போடு காணாமல் போயிருந்தது. ‘மெல்லக் கற்போர்’ என்ற முத்திரை இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

எந்தப் புத்தகம்

முதலில் தவறாகத்தான் தொடங்கினேன். படிக்கும் திறன் மூன்றாம் வகுப்பு அளவில் இருக்கிறதே என்று படம் போட்ட நீதிக்கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். மறுநாள் மேசைமேல் வைத்துவிட்டு, “இது என் தங்கச்சி புத்தகம், டீச்சர்” என்றான். குரலில் கோபம்கூட இல்லை. சந்தையில் பேரம் பேசுகிறவனுக்கு, சினை ஆட்டை இரவெல்லாம் காத்திருந்து குட்டி எடுக்கிறவனுக்கு, காக்கையும் நரியும் எதற்கு?

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ என் அலமாரியில் இருந்தது. 2016இல் வெளிவந்தது. என். கல்யாண ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் இலக்கியத்துக்கான ஜேசிபி பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. அந்தப் பெருமைக்காக நான் அதை எடுக்கவில்லை. சிறிய நாவல், அட்டையிலேயே ஆடு, வாக்கியங்கள் நீளமில்லை. இவை மூன்றும்தான் காரணம். அசுரர்கள் வாழும் ஊர் ஒன்றில், ஊர் பேர் தெரியாத பேருருவம் ஒருவன் கிழவர் ஒருவரிடம் பிறந்து சில நாளே ஆன கறுப்புக் குட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறான். கிழவி அதை வளர்க்கிறாள். அந்தக் குட்டியின் வாழ்நாள்தான் கதை.

சக ஆசிரியர் ஒருவர், “பாடப்புத்தகமே படிக்காதவனுக்கு நாவலா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் அப்போது பதில் இல்லை.

எப்படிப் படித்தோம்

வாரத்தில் மூன்று மாலை, பள்ளி விட்ட பிறகு முக்கால் மணி நேரம், புங்க மரத்தடி. ஒரு பக்கத்தை நான் படிப்பேன். அவன் வரிக்கு அடியில் விரலை ஓட்டுவான். பிறகு அதே பக்கத்தில் ஒரு பத்தியை அவன் படிப்பான். தடுமாறுகிற சொல்லுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டுப் பிரிப்போம்: கேட்டுக் / கொண்டு / இருந்தவர் / களிடம். கோடு போடுவது அவன் வேலை. கடைசியில் ஒரு நோட்டில் அவனுக்குத் தோன்றிய ஏதாவது ஒரு வரி. பிழை திருத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தமிழாசிரியைக்கு அது எவ்வளவு கடினம் என்று தமிழாசிரியைகளுக்குத் தெரியும்.

முதல் வாரத்திலேயே சிக்கல். அந்தக் குட்டி ஒரே ஈற்றில் பிறந்த ஏழில் ஒன்று என்று கதையில் வருகிறது. அவன் விரல் நின்றுவிட்டது. “ஏழா?” என்றான். “ஆட்டுக்கு இரண்டு காம்புதான் டீச்சர்.” நான் அதுவரை அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. ஏழு என்பதை ஓர் அதிசயம் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். அவன் விடவில்லை. ஒன்று சாதாரணம், இரண்டு நல்லது, மூன்று போட்டால் ஒன்றைக் கையில் எடுத்துப் புட்டிப்பால் கொடுக்க வேண்டும், நான்கு போட்டதை ஆயா ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போய் ஆயாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வந்தான். அன்று நோட்டில் அவனே எழுதிய முதல் வரி: ‘ரெண்டு காம்பு. ஏழு குட்டி. எப்படி.’ கேள்விக்குறி இல்லை. நானும் போடவில்லை.

வேறொரு ஆட்டிடம் அந்தக் குட்டியைப் பால் குடிக்கவைக்கப் பாடுபடும் இடம் வந்தபோது ஆசிரியரோடு முதல் முறையாக ஒத்துப்போனான். தாய் ஆடு அந்நியக் குட்டியை உதைத்துத் தள்ளும் என்பது சரி என்றான். அப்புறம் எனக்குப் பாடம் நடத்தினான்: ஆடு தன் குட்டியை மோந்து பார்த்துத்தான் அறியும், அதனால் வளர்ப்புத் தாயின் பாலையே பீய்ச்சிக் குட்டியின் முதுகில், வாலடியில் தடவிவிட வேண்டும், அப்போதும் இரண்டொரு நாள் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். இதைச் சொல்ல மூன்று நிமிடம் பிடித்தது. எழுதச் சொன்னேன். அரைப் பக்கம் எழுதினான். அதற்கு முன் பத்தாம் வகுப்புத் தமிழ் நோட்டில் அவன் தானாக எழுதிய அரைப் பக்கம் எதுவும் இல்லை.

காது குத்தும் வரிசை

நாவலின் தொடக்கப் பகுதியில் ஆடுகளுக்கு அரசாங்கம் காது குத்தி அடையாளம் போடும் காட்சி ஒன்று உண்டு. நீண்ட வரிசை, வெயில், அதிகாரிகளின் கேள்விகள். குட்டி எப்படிக் கிடைத்தது, ஏன் கறுப்பாக இருக்கிறது என்றெல்லாம் கிழவியைக் குடைகிறார்கள். இந்தப் பகுதியை அங்கதம் என்று எப்படி விளக்குவது என நான் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டான். நான் படிப்பதற்கு முன்னால் அவன் கண் அடுத்த வரிக்கு ஓடியது அன்றுதான் முதல் முறை.

காரணம் ஆயா. திட்டத்தில் வந்த ஆடுகளுக்கு இன்சூரன்ஸ் உண்டு. அதற்காகக் காதில் வில்லை போட்டிருந்தார்கள். ஆடு செத்தால் வில்லையோடு காட்ட வேண்டும். வில்லை இல்லையென்றால் பணம் இல்லை. ஆயாவின் ஆடு ஒன்று வேலிக்காத்தான் புதரில் காதை மாட்டிக் கிழித்துக்கொண்டு வில்லையைத் தொலைத்துவிட்டது. பிறகு அது செத்தும் போனது. ஆயா இரண்டு நாள் அந்த முள்ளுக்குள் வில்லையைத் தேடிய கதையை அவன் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறான். நாவலின் கிழவியும் அவனுடைய ஆயாவும் அந்த வரிசையில் ஒன்றாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் விளக்கியிருந்தால் கெடுத்திருப்பேன்.

நான் கெடுத்த இடம்

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். நேரம் வீணாகிறதோ என்ற பயம். ‘கிழவியின் பண்புநலன்களைக் கூறுக’, ‘ஆசிரியர் உணர்த்த விரும்பும் கருத்து யாது?’ என்று வினாக்கள் எழுதிக்கொண்டு போனேன். முதல் நாள் பதில் சொன்னான். இரண்டாம் நாள் ‘தெரியாது’ என்றான். மூன்றாம் மாலை வரவில்லை. தேர்வு எழுதினான், மரத்தடிக்கு வரவில்லை. தமிழில் 24 வாங்கினான்.

விடுமுறையில் வந்த வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 29, காலையில் ஒடுகத்தூர் சந்தைக்குப் போனேன். அணைக்கட்டிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கும்போதே கூட்டம் நெரிந்தது. ஆயாவும் அவனும் ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் ஓடவில்லை; அது அவனுடைய இடம். கிடாயின் கீழ் உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டினான். பால் பல் இரண்டு விழுந்து பெரிய பல் இரண்டு முளைத்திருந்தால் வயது ஒன்றைத் தாண்டிவிட்டது என்று பொருள். வியாபாரி வந்து இடுப்பெலும்பின் பக்கம் அழுத்திப் பார்த்தார், வயிற்றில் கை கொடுத்து ஒரு தூக்குத் தூக்கினார், ஒரு விலை சொன்னார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். “விலை போகும்போது பேசக் கூடாது டீச்சர்” என்று மெதுவாகச் சொன்னான். அங்கே மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்தது நான் ஒருத்திதான்.

கிடாய் விற்று, டீக்கடையில் ஆயா எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்த பிறகு, ஏன் வரவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: “நீங்கள் கேட்கிறதுக்கு முன்னாலேயே உங்களுக்குப் பதில் தெரியும். அப்புறம் எதுக்கு என்னைக் கேட்கிறீர்கள்?”

22 ஆண்டு அனுபவத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எனக்கு உண்மையிலேயே பதில் தெரியாததை மட்டும் கேட்பது. இந்த ஆய்வில் மற்ற ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது ஏதாவது இருக்குமானால் அது இந்த விதி ஒன்றுதான். நாவல் எதுவாகவும் இருக்கட்டும். பிள்ளைக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதற்குள் இருக்க வேண்டும். அப்போது அவன் விடை சொல்கிறவனாக இல்லாமல் புத்தகத்தைச் சோதிக்கிறவனாக உட்காருகிறான். சோதிப்பவன் சொல்லின் வாலை விழுங்க முடியாது. யார் யாரிடம் சொன்னார் என்று பார்த்தால்தான் பிழை பிடிக்க முடியும்.

அக்டோபர் முதல் நான் கேட்ட கேள்விகள் இப்படி மாறின: தாயிடமிருந்து பிரித்த குட்டியை எத்தனை நாள் கழித்துத் தாய் மறக்கும்? கறுப்பு ஆட்டுக்கு விலை கூடவா குறையவா? (ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கருங்கிடாயை நேர்த்திக்கடனுக்குத் தேடி வருவார்களாம், ஆடி மாதத்தில் கேட்ட விலை கிடைக்குமாம்.) பதிலுக்காக அவன் நாவலுக்குள் திரும்பிப் போய், ‘ஆசிரியர் என்ன சொல்கிறார்’ என்று தேடிவிட்டு வந்தான். வினாத்தாளில் நாங்கள் எழுத்தாளரைக் குறிப்பிடும் அதே சொல், ‘ஆசிரியர்’. அவன் வாயில் அது சந்தையில் அடுத்த வரிசையில் நிற்கும் வியாபாரியைச் சொல்வது போல இருந்தது.

தாண்டிய பத்திகள்

ஒரு சங்கடத்தையும் எழுதிவிடுகிறேன். நாவலில் ஆடுகளின் இணைசேர்க்கை வருகிறது. பூனாச்சியின் ஆசையை ஆசிரியர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பள்ளி வளாகம், மரத்தடி, நான் ஒரு பெண், அவன் 15 வயதுப் பையன். சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் இரண்டு பத்திகளைத் தாண்டி மூன்றாவதில் இறங்கினேன். அவன் விரல் பழைய இடத்திலேயே நின்றது. “டீச்சர், இங்கே இருக்கிறோம்” என்றான்.

எனக்கு முகம் சிவந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை, ஆட்டுக்குப் பருவம் வந்தால் கிடாயிடம் விடுவது அவனுக்குத் தழை ஒடித்துப் போடுவது போன்ற வேலை. அந்த இரண்டு பத்தியை அவனே படித்தான், திணறாமல். வெட்கம் தணிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: நான் தாண்டியதை அவன் கண்டுபிடித்தான் என்றால் அவன் என் குரலைப் பின்தொடரவில்லை, எழுத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தான். மூன்று மாதத்தில் நான் செய்த எந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவான முடிவைக் கொடுக்கவில்லை.

பஞ்சம்

பிற்பகுதியில் மழை பொய்த்து ஊர் வறள்கிறது. தீனியில்லாமல் ஆடுகள் வற்றுகின்றன, மனிதர்கள் கஞ்சிக்கு நிற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பஞ்சம் என்றால் கிழவர்கள் தாது வருஷத்தைத்தான் சொல்வார்கள். 1876 முதல் 1878 வரை நடந்தது. வட ஆர்க்காடு அதில் கடுமையாக அடிபட்ட மாவட்டம். ஆயாவும் தன் ஆயா சொன்னதாக அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் பையன் எழுதியது அதைப் பற்றி இல்லை.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அப்போது அவனுக்கு எட்டு வயது. அந்தக் கோடையில் ஆயா ஒன்பது ஆடுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். அவற்றில் ஒன்றை அவன் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அது வண்டியில் ஏறியதைப் பற்றி ஒன்றே கால் பக்கம் எழுதினான். ற, ர எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. ‘எறங்க பாத்துச்சு’ என்று பேச்சுத் தமிழில் ஒரு வரி. பிழை திருத்த மாட்டேன் என்ற வாக்கை நான் முறித்திருந்தால் அந்த வரியைத்தான் முதலில் திருத்தியிருப்பேன். கடைசியில், ‘நைனா வேல செய்ற எடத்துல தோல் எங்கேந்து வரும்னு கேட்டேன். நைனா சொல்லல’ என்று முடித்திருந்தான். அதைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

துண்டும் விரலும்

முன்னுரையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் அச்சம், மாட்டையும் பன்றியையும் எழுதக் கூடாது, மிஞ்சியது ஆடு என்ற பொருள்பட ஆசிரியர் அதில் சொல்கிறார். ஏன் அச்சம் என்று கேட்டான். 2010இல் வந்த அவருடைய நாவல் ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பையும், 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்ததையும், 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பளித்ததையும், அதற்குப் பிறகு வந்த முதல் நாவல் இது என்பதையும் சொன்னேன். வழக்கமாக நான் வகுப்பில் இதற்கு மேல் ஒரு விளக்கம் வைப்பேன். அன்று நிறுத்திக்கொண்டேன்.

தாத்தா இருந்த காலத்தில் அவரோடு செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்குப் போனதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அங்கே தரகர்கள் கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு தெரியும், விரல் தெரியாது. “இவர் ஆட்டைத் துண்டாகப் போட்டிருக்கிறார்” என்றான். சிறிது கழித்து, “ஆனால் துண்டும் நல்ல துண்டு. ஆடு தெரிந்த ஆள்தான்” என்று சேர்த்தான்.

குறியீடு, உருவகம் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டேன். ஏழு குட்டிக் கேள்விக்கும் அன்று அவனே ஒரு விடை கண்டுபிடித்தான்: துண்டுக்கு மேலே பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே இருக்க ஏதாவது அதிசயம் வேண்டுமல்லவா? நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு குட்டியால் கிழவியின் வீட்டுக்குள் ஆசை நுழைகிறது, அதற்காகத்தான் ஏழு என்பது என் கட்சி. இன்னும் தீரவில்லை.

முடிவுகள்

நாவல் 2024 ஜனவரி பொங்கல் விடுமுறையில் முடிந்தது. கடைசி அத்தியாயத்தை வீட்டில் ஆயாவுக்குத் தானே படித்துக் காட்டினான். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. பூனாச்சிக்கு என்ன ஆகிறது என்பதைக் கேட்டுவிட்டு ஆயா ஒன்றும் சொல்லாமல் எழுந்து கொட்டாய்க்குப் போய்விட்டாராம்.

பிப்ரவரியில் மீண்டும் ஓர் அரைப் பக்க நாளிதழ்ச் செய்தி. மூன்று நிமிடத்துக்குள் படித்தான். நீண்ட சொற்களில் இன்னும் வழுக்குகிறான்; ஆனால் வாக்கியம் ஒட்டவில்லை என்றால் தானே திரும்பிப் போய்ச் சரிசெய்கிறான். முன்பு இது அறவே இல்லை. மார்ச் 26 அன்று நடந்த தமிழ்ப் பொதுத்தேர்வில் 54. ற, ர குழப்பம் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் 27 வாங்கித் தோற்று, ஜூலைத் துணைத்தேர்வில் 38 வாங்கித் தேறினான். ஆங்கிலத்துக்கும் பூனாச்சிக்கும் எந்தத் தொடர்பும் ஏற்படவில்லை. வெள்ளிக்கிழமை விடுப்பும் முழுதாக நிற்கவில்லை, பாதியாகக் குறைந்தது.

இதை ஒரு வெற்றிக்கதையாக எடுத்துக்கொள்வதற்கு முன் இரண்டு விஷயம். வாரம் மூன்று மாலை ஒரே பிள்ளைக்கு என்பது நாற்பது பேர் வகுப்பில் நடக்காத காரியம். நான் அந்த ஆண்டு வேறு பொறுப்பு எதுவும் இல்லாமல் இருந்தேன். இரண்டாவது, அடுத்த ஆண்டு இதே நாவலை ஒரு மாணவிக்குக் கொடுத்தேன். குடியாத்தத்தில் தீப்பெட்டி வேலை செய்யும் குடும்பம், இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். இருபதாம் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஆடு அவளுக்கு நாற்றமடிக்கும் பிராணி, அவ்வளவுதான். தீக்குச்சி அடுக்குவதில் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அதற்குரிய நாவல் எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

பையன் இப்போது ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவு படிக்கிறான். என் பூனாச்சி பிரதி இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது. பக்கமெல்லாம் பென்சில் கோடு. போன மாதம் கேட்டபோது, தர முடியாது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயாவுக்கு முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன் என்றான். காது குத்தும் வரிசை வரை வந்திருக்கிறார்களாம். அந்த இடத்தில் ஆயா நிறுத்தச் சொல்லி, “அந்தக் கிழவியிடம் சொல்லுடா, வில்லையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி” என்றாராம்.